காற்று வரும் வழியில் காலன்

(கட்டடத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



கொத்தனாரும் சித்தாளும், தச்சரும் கம்பி கட்டுவோரும், குழாய் வேலை செய்வோரும் மின்வேலை செய்வோரும் திரண்டிருக்கும் இந்த மன்றத்திலே, நான் இன்று ஒரு மாளிகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மாளிகையைப் பற்றி எங்களிடம் பேசுவானேன், கட்டிக் கொடுத்தபின் அதன் வாயிற்படியை நாங்கள் மிதித்ததுண்டா, என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் நான் கூறவிருப்பது அந்த மாளிகையின் மண்டபத்தில் அமர்ந்தோரின் கதையன்று. அதன் சுவர்களுக்குள்ளே, இருட்டிலே, குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் இடையே நுழைந்து வேலை பார்ப்போரின் கதை. ஆகவே அது உங்கள் கதை.

அந்த மாளிகை இலண்டன் மாநகரில், தேம்ஸ் நதிக்கரையில் நிற்கிறது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் கூடுகின்ற வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை அது. ஒரு காலத்தில் நம்மை ஆண்ட சட்டங்களும் அங்கேதான் உருவாயின. படத்திலே அதனைக் கண்டிருப்பீர்கள். ஓங்கி உயர்ந்த மணிக்கூண்டு. ஊசி ஊசியாக எழும் சிகரங்கள். நடுவிலே எண்கோண வடிவில் ஒரு கோபுரம். காண்போர் அந்த நடுக்கோபுரத்தை அழகுக்காக எழுப்பினார்கள் என்றே எண்ணுவர். அழகுக்காக மட்டும் எழுந்ததன்று அது, காற்றுக்காக எழுந்தது!

காற்றுக்கென ஒரு கோபுரம்

1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பழைய அரண்மனை தீக்கிரையாயிற்று. கணக்கு வைப்பதற்கு முன்னாளில் பயன்பட்டு வந்த மரக்குச்சிகளை அடுப்பிலிட்டு எரித்தார்கள். அடுப்பு அளவுமீறிச் சூடேறிற்று. மாளிகையே எரிந்து போயிற்று. புதிய மாளிகையைக் கட்டும் பொறுப்பு சார்லஸ் பாரி என்ற கட்டடக் கலைஞரிடம் வந்தது.

அந்நாளில் தேம்ஸ் நதி, நகரத்தின் சாக்கடையாக ஓடிக்கொண்டிருந்தது. சாளரத்தைத் திறந்தால் நாற்றம், மூடினால் மூச்சுமுட்டல். 1858-ஆம் ஆண்டுக் கோடையில் அந்த நாற்றம் பொறுக்கவியலாமற் போனபோது, திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடு நீரில் தோய்த்துத் தொங்கவிட்டார்கள் என்பது வரலாறு. இந்தத் தொல்லைக்கு முன்கூட்டியே வழி காண்பதற்காக டேவிட் பாஸ்வெல் ரீட் என்ற எடின்பரோ அறிஞரை அழைத்திருந்தனர். காற்றைச் சுத்தம் செய்து, குளிர்காலத்திலே சூடேற்றி, அவைகளுக்குள் அனுப்ப வேண்டும். சுவாசித்துக் கெட்ட காற்றை மேலே இழுத்து வெளியேற்ற வேண்டும். அப்படி இழுப்பதற்குரிய மாபெரும் புகைபோக்கியாக ஒரு கோபுரமும் வேண்டும் என்றார் அவர். கோபுரமும் எழுந்தது. கலைஞருக்கும் அறிஞருக்கும் ஓயாத பூசல் மூண்டு, 1852-இல் ரீட் விலக்கப்பட்டார். அவருடைய திட்டம் முழுமையாக நிறைவேறவில்லை. எனினும், அடித்தளத்திலிருந்து கூரை வரையில் சுவர்களுக்குள்ளே செங்குத்தாகச் செல்லும் காற்றுவழிகள், ஏறத்தாழ நூறு, அந்த மாளிகையிலே நிலைத்துவிட்டன.

சட்டம் இயற்றுவோர் தாம் உட்கொள்ளும் காற்று தூயதாக இருக்கவேண்டும் என்பதில் இத்தனை அக்கறை காட்டினர். இதை நான் குறையாகக் கூறவில்லை. நல்ல காற்று எவருக்கும் வேண்டுவதே. ‘எவருக்கும்’ என்ற அந்தச் சொல்லைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

கல்லிலே பிறந்த நார்

கல்நார் என்று தமிழிலே ஒரு சொல் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் உங்களுக்கு உடனே விளங்கும். கல்லிலே பிறந்த நார் அது. பாறையிலிருந்து வெட்டி எடுத்தால் பஞ்சுபோலப் பிரியும். நூலாக நூற்கலாம், துணியாக நெய்யலாம், சிமிட்டியோடு கலந்து தகடாக வார்க்கலாம். தீயிலிட்டால் எரியாது, சூட்டைக் கடத்தாது, விலையோ மலிவு. நீராவி எந்திரங்கள் உலகை ஆளத் தொடங்கிய காலத்தில், கொதிகலத்தின் மீதும் நீராவிக் குழாயின் மீதும் பொதிவதற்கு இதனைவிட உகந்த பொருள் வேறில்லை என்று கொண்டாடினார்கள்.

தோழர்களே! அந்த நார் நொறுங்கும்போது எழும் தூசு, அடுப்புக்கரித் தூசு போன்றதன்று. கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் அவை. தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லியவை. மூச்சோடு சென்று நுரையீரலின் அடியிலே தங்கிவிட்டால், உடல் அவற்றை எளிதிலே கரைக்கவும் இயலாது, வெளியே தள்ளவும் இயலாது. நுரையீரல் தழும்பேறி இறுகும். அதனை ஆஸ்பெஸ்டோசிஸ் என்பர். நுரையீரலிலே புற்றுநோய் தோன்றும். நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய உறையிலே மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய் தோன்றும். இவை மறுநாளே வருவனவல்ல. 20 ஆண்டு, 30 ஆண்டு, 40 ஆண்டு கூடக் காத்திருந்து வரும். வாலிபத்திலே உழைத்ததற்கு வயோதிகத்திலே தண்டனை! முதலாளி மாறியிருப்பான், கம்பெனியின் பெயர் மாறியிருக்கும், வேலை செய்ததற்கான சீட்டு செல்லரித்துப் போயிருக்கும். நோய் மட்டும் முகவரி தவறாமல் வந்து சேரும்.

அறியாமலா நடந்தது?

அந்நாளில் இதையெல்லாம் யார் அறிவார், அறிவியல் வளராத காலமல்லவா, என்று வாதிடுவோர் உண்டு. அவர்களுக்கு ஆதாரத்தோடு பதிலளிக்க வேண்டும்.

1898-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் தொழிற்சாலைகளைப் பார்வையிடும் பெண் அதிகாரிகளில் ஒருவர் லூசி டீன். கல்நார் ஆலைத் தூசைப் பற்றி அவர் எச்சரித்தார். நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, கண்ணாடிச் சில்லுபோன்ற கூர்முனைகள் அதிலே தென்பட்டன. ஆண்டறிக்கையிலே அது அச்சாயிற்று. அறிக்கை அரசின் மேசையிலே வைக்கப்பட்டது. பிறகு அலமாரியிலே வைக்கப்பட்டது.

அறிக்கை அலமாரியிலே உறங்கிய நாளில், நெல்லி கெர்ஷா என்ற சிறுமி, 12 வயதிலே கல்நார் ஆலைக்கு வேலைக்குப் போனாள். பின்னர் ராச்டேல் நகரத்தில் டர்னர் பிரதர்ஸ் ஆலையிலே நூல் நூற்றாள். மூச்சிழந்து, வேலையிழந்து, 1924-ஆம் ஆண்டு மார்ச் திங்களில் இறந்தபோது அவளுக்கு வயது 33. டாக்டர் குக் என்பவர் அவளுடைய நுரையீரலை ஆராய்ந்து, அங்கே குத்தி நின்ற கல்நார்த் துகள்களைக் கண்டு, அவ்வாண்டே மருத்துவ ஏட்டிலே எழுதினார். ஆலை நிர்வாகமோ பொறுப்பேற்க மறுத்தது, இழப்பீடும் தரவில்லை.

அதன் பின்னர்தான் அரசு விழித்தது. மெரிவெதர் என்ற மருத்துவ அதிகாரியும், பிரைஸ் என்ற பொறியியல் அதிகாரியும் விசாரணை நடத்தி, 1930-இல் அறிக்கை அளித்தனர். 363 தொழிலாளரைச் சோதித்ததில் 95 பேருக்கு நுரையீரல் தழும்பேறியிருந்தது; நால்வரில் ஒருவருக்கு மேல்! 20 ஆண்டுக்கு மேல் உழைத்தவர்களைத் தனியே எடுத்துப் பார்த்தால் ஐவரில் நால்வருக்கு நோய். அந்த அறிக்கையின் பேரில் 1931-இல் கல்நார்த் தொழில் விதிகள் பிறந்தன. அந்த விதிகளின் உயிர்நாடி எது தெரியுமா? காற்றோட்டம்! தூசு எழும் எந்திரத்தின் அருகிலேயே உறிஞ்சு குழாய் வைத்து, தொழிலாளியின் மூக்கை எட்டுமுன் தூசை இழுத்துவிட வேண்டும் என்பதுதான்.

தங்கள் அவையிலே காற்று தூயதாக இருக்கவேண்டுமென்று கோபுரம் கட்டியவர்கள், ஏறத்தாழ 80 ஆண்டு கழித்து, ஆலையிலேயும் காற்று தூயதாக இருக்கவேண்டும் என்று ஏற்றுக்கொண்டார்கள். தாமதமாயினும் வரவேற்போம்.

ஆலை வாயிலில் நின்ற சட்டம்

ஆனால் தோழர்களே, அந்தச் சட்டம் எங்கே நின்றது என்பதைப் பாருங்கள்! ஆலை வாயிலிலே நின்றுவிட்டது. கல்நாரை நூற்பவனையும் நெய்பவனையும் அது கண்டது. அதே கல்நாரை வண்டியிலேற்றிக் கொண்டுபோய், பள்ளிக்கூடத்திலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் குழாய்களின்மேல் குழைத்துப் பூசினானே, அவனைப் பெரும்பாலும் காணவில்லை. பூசியதைப் பிறகொரு நாள் உடைத்துப் பழுது பார்த்தானே, அவனையும் காணவில்லை. புதிய விதிகள் 1969-இல் தான் இயற்றப்பட்டன. இடையிலே ஓடிய 38 ஆண்டுகளில், அதிலும் போருக்குப் பின் நகரங்களைத் திரும்பக் கட்டிய காலத்தில், கட்டடம் கட்டடமாகக் கல்நார் புகுந்தது.

எங்கெங்கே புகுந்தது? பழைய கட்டடங்களில் காற்றோட்டத்துக்கென அமைத்த பெருங்குழாய்களை எண்ணிப் பாருங்கள். குழாயும் குழாயும் சேருமிடத்தில் கசிவைத் தடுக்கும் அட்டை, கல்நார். விசிறியின் அதிர்வு குழாய்க்குப் பரவாதிருக்க இடையிலே கட்டிய துணி, கல்நார். தீ பரவாதிருக்கக் குழாயைச் சுற்றியும் உள்ளும் பதித்த பலகை, கல்நார். இரும்பு உத்தரங்களின்மேல் ஈரமாகப் பீய்ச்சியடித்த பூச்சும் கல்நாரே. அந்த உத்தரங்களுக்கும் தொங்கு கூரைக்கும் நடுவிலுள்ள வெற்றிடம், பல கட்டடங்களில் காற்று திரும்பிச் செல்லும் வழியாகவும் இருக்கிறது. காற்று செல்லும் பாதையெல்லாம் கல்நார்க் காவல்!

ஒன்றை நேர்மையோடு கூறவேண்டும். உடையாமல், உதிராமல், மூடி அடைத்துக் கிடக்கும் கல்நார் உடனே உயிரைக் குடித்துவிடாது. துளையிடும்போது, அறுக்கும்போது, நாட்பட்டு மக்கும்போது, அதிர்விலே உதிரும்போதுதான் அது எழுகிறது. ஆனால் எழுந்த தூசு காற்றுவழியிலே கிடக்குமானால், ஓர் அறையின் ஆபத்து அந்த அறையோடு நிற்பதில்லை. விசிறி அதனைச் சுமந்து செல்லும். அந்த விசிறியைத் துடைக்க, வடிகட்டியை மாற்ற, குழாய்க்குள்ளே தலையை நுழைப்பவன் யார்? சட்டம் இயற்றியவரா? சம்பளக் கணக்கு எழுதுபவரா? உங்களைப் போன்ற ஒருவர்.

மாளிகைக்குத் திரும்புவோம்

ஆலை வாயிலைக் கடந்த அந்தக் கல்நார், சட்டம் பிறந்த வீட்டுக்கே வந்து சேர்ந்ததுதான் இந்தக் கதையின் கருத்து.

ரீட் விட்டுச் சென்ற காற்றுவழிகள் இருந்தனவல்லவா? நீராவி வந்தது, வெந்நீர் வந்தது, மின்சாரம் வந்தது, தொலைபேசி வந்தது. இவற்றுக்கெல்லாம் வழி வேண்டும். தடித்த கற்சுவரை யார் குடைவது? காற்றுவழிதான் ஆயத்தமாக இருக்கிறதே! அதற்குள்ளே குழாயை இறக்கினார்கள்; குழாயின்மேல் கல்நாரைப் பொதிந்தார்கள். 1941-ஆம் ஆண்டு மே திங்களில் நாஜி விமானங்களின் குண்டுவீச்சிலே மக்கள் அவை அழிந்தது. 1950-இல் புதிய அவை திறக்கப்பட்டது. அந்தக் காலத்திலே கல்நார் இல்லாத வெப்பக்குழாய் ஏது? பழைய குழாயை எடுக்காமலே புதிய குழாய், புதிய குழாயின்மேல் கம்பி, கம்பியின்மேல் கம்பி என்று ஆண்டுதோறும் நெரிசல் வளர்ந்தது.

1834-இல் வெந்த மாளிகையல்லவா? தீயென்றால் அச்சம். தீக்கு அஞ்சும் எவரும் எரியாத நாரை விரும்புவர். இன்றைய நிலைமையோ விபரீதம். அடித்தளத்திலிருந்து கூரை வரை திறந்து கிடக்கும் அந்த வழிகளே, தீ பிடித்தால் அதனை மேலே ஏற்றிவிடும் ஏணிகள். கம்பிகள் பழையவை, மாற்றவேண்டும். மாற்றவேண்டுமானால் கல்நாரைத் தொடவேண்டும். தொட்டால் தூசு எழும். தீயைத் தடுப்பதற்கென வைத்த பொருளே, தீயைத் தடுக்கும் வேலைக்குத் தடையாக நிற்கிறது!

2021-ஆம் ஆண்டு அக்டோபரில், அவைத்தலைவரின் இல்லப் பகுதியிலே நடந்த வேலையின்போது கல்நார் கலைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் அந்தத் தூசுக்கு ஆளாகியிருக்கக்கூடும் என்று பின்னர் அறிவித்தனர். அங்கே ஒப்பந்த வேலைக்கு வந்தவர்களும் அவர்களில் இருந்தனர். 20 ஆண்டு கழித்து வரும் இருமலை இன்று எந்தக் கணக்கிலே எழுதுவது?

2023-இல் அந்தப் பாராளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழுவே கூறிற்று: மாளிகையில் 2,500-க்கும் மேற்பட்ட இடங்களில் கல்நார் உண்டு, அதனை அகற்ற 300 பேர் இரண்டரை ஆண்டு உழைக்க வேண்டியிருக்கலாம், அக்காலத்தில் கட்டடத்தைப் பயன்படுத்த இயலாது. அதற்கு முன்பே, 2018 ஜனவரியில், வெளியேறி இடம்விட்டு வேலையை முடிப்போம் என்று மக்கள் அவை வாக்களித்திருந்தது. வாக்களித்தார்கள், வெளியேறவில்லை. 2022-இல் வெளியான மதிப்பீடு என்ன கூறிற்று? அனைவரும் வெளியேறினால் 12 முதல் 20 ஆண்டில் முடியும். வெளியேறாமல், கூடியிருந்துகொண்டே வேலை நடந்தால், 76 ஆண்டு வரையிலும் ஆகலாம்! அதே ஆண்டில், திட்டத்துக்கென அமைத்த மன்றத்தைக் கலைக்கத் தீர்மானித்தனர்.

அவையில் அமர்ந்திருப்போர் எல்லோரும் நஞ்சை உண்கிறார்கள் என்று நான் பயமுறுத்த வரவில்லை. மெத்தை நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு ஆபத்து குறைவு. வழிக்குள்ளே இறங்குகிறவனுக்குத்தான் ஆபத்து மிகுதி. ஒத்திவைப்பதற்கு அதுவேதான் காரணமோ என்று கேட்கிறேன்.

ஒன்றிரண்டு மாளிகைகளா?

ஒரு நாட்டின் மீது மட்டும் பழி சுமத்துவது நேர்மையாகாது. ஐரோப்பியப் பொதுச்சந்தையின் தலைமையகமாக பிரசெல்ஸ் நகரில் எழுந்த பெர்லேமோன் மாளிகையைக் கல்நார் காரணமாக 1991-இல் காலி செய்தார்கள். 2004 வரை திரும்ப இயலவில்லை. கிழக்கு ஜெர்மனி, பெர்லினில் 1976-இல் திறந்து பெருமையோடு காட்டிய குடியரசு மாளிகையையும் 1990-இல் இதே காரணத்துக்காக மூடினார்கள். சந்தையைப் போற்றிய அரசும் கல்நாரைப் பீய்ச்சியது. சமதர்மம் பேசிய அரசும் பீய்ச்சியது. கொடியின் நிறத்தைப் பார்த்து நுரையீரல் தழும்பேறுவதில்லை. இதை நாம், கொடி பிடிப்பவர்கள், கூச்சமின்றி ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் 1985-இல் தடை செய்யப்பட்டன. வெள்ளைக் கல்நார் 1999-இல். இறக்குமதி நின்றது, இறப்பு நிற்கவில்லை. ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 பேர் கல்நார் தந்த நோய்களால் அங்கே மடிகின்றனர். பொதுக்கட்டடங்களில் எஞ்சியுள்ள கல்நாரை 40 ஆண்டுக்குள் அகற்றக் கெடு விதியுங்கள் என்று 2022-இல் பாராளுமன்றக் குழுவொன்று வேண்டிற்று. 40 ஆண்டு! அந்தக் கெடுவைக்கூட ஏற்க அரசு மறுத்துவிட்டது.

நம் வீட்டுக் கூரை

இனி நம்மிடம் வருவோம். ரஷியாவிலிருந்தும் கஸகஸ்தானிலிருந்தும் நம் நாட்டுக்கு வெள்ளைக் கல்நார் கப்பலேறி வருகிறது. பெரும்பாலும் கூரைத் தகடாகிறது. பனையோலையும் ஓடும் போட இயலாத ஏழையின் தலைக்குமேல் அது நிற்கிறது. 1995-ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்பை அளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அவனுடைய வாழ்வுரிமையின் பகுதி என்றது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளை 40 ஆண்டு வரையிலோ, ஓய்வு பெற்றபின் 15 ஆண்டு வரையிலோ, எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்றது. நோய் காத்திருந்து வரும் என்பதை அறிந்த தீர்ப்பு அது. போற்றுகிறோம். ஆனால் அதுவும் ஆலையில் கல்நாரைக் கையாளும் தொழிலாளியின் தீர்ப்பு. தகட்டை அறுத்துக் கூரை போடும் சித்தாளின் குறிப்பேடு எங்கே? பழைய அலுவலகத்தின் காற்றுக்குழாயைப் பிரித்தெடுக்கும் கூலியாளின் குறிப்பேடு எங்கே? கல்நார்ப் பாதுகாப்புக்கென 1986-இல் உலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த 162-ஆம் ஒப்பந்தத்தை நம் நாடு இன்னும் ஏற்கவில்லை.

ஆகவே இக்கூட்டத்திலிருந்து சில உறுதிகளை எடுத்துச் செல்வோம். பழைய கட்டடத்தை உடைக்கவோ, காற்றுக்குழாயைப் பிரிக்கவோ, குழாய்ப் பொதிவைக் கழற்றவோ ஒருவர் உங்களை அழைத்தால், முதலிலே கேளுங்கள்: இதில் கல்நார் உண்டா? சோதித்ததற்குச் சான்று எங்கே? தெரியாது என்றால், உண்டு என்றே கொள்ளுங்கள். உலர்ந்த நிலையில் அறுக்காதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள். முகத்திலே கட்டும் துண்டு இந்த ஊசியைத் தடுக்காது. தகுந்த முகக்கவசத்தை, நனைத்து அகற்றும் முறையை, பயிற்சி பெற்ற ஆளைக் கோருங்கள். வேலை உடுப்போடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்காதீர்கள். அந்த உடுப்பை உதறித் துவைத்த மனைவியர் நோயுற்ற வரலாறும் உண்டு. எந்த நாளில், எந்தக் கட்டடத்தில், யாரிடம் வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டிலே எழுதி வையுங்கள். எழுதத் தெரியாத தோழருக்கு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். 30 ஆண்டு கழித்து அந்த நோட்டுதான் பேசும்.

இதனைத் தனியாளாகக் கேட்டால், நாளை வேலைக்கு வராதே என்பார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டால் சோதனைச் சான்று வரும். சங்கம் எதற்கு என்று கேட்கும் இளைஞருக்கு இதையே பதிலாகச் சொல்லுங்கள்.

நல்ல காற்று ‘எவருக்கும்’ வேண்டும் என்றேன், நினைவிருக்கிறதா? அந்தச் சொல்லிலே ஆலைத் தொழிலாளி சேர 80 ஆண்டு ஆயிற்று. கட்டடத் தொழிலாளி இன்னும் வெளியே நிற்கிறான். தூசு ஆலை வாயிலிலே நிற்கவில்லை. கடலைத் தாண்டிற்று, காலத்தைத் தாண்டிற்று, சட்டம் இயற்றுவோரின் சுவருக்குள்ளேயே குடியேறிற்று. தூசு செல்லும் இடமெல்லாம் சட்டமும் செல்லவேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதனைப் பெறும்வரை ஓயமாட்டோம் என்ற உறுதியோடு கலைவோம்.